கப்பலூர்ச் சாலையில் வள்ளி கல்யாணம்

மதுரையிலிருந்து திருமங்கலத்துக்குப் போகிற சாலையில் நீங்கள் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். விருதுநகர்ச் சம்பந்தி வீட்டுக்கோ, குற்றாலத்துச் சாரலுக்கோ, கன்னியாகுமரிக்கோ, எதற்காகவாவது போயிருப்பீர்கள். நகரத்தை விட்டதும் பசுமலை வருகிறது. அப்புறம் திருப்பரங்குன்றம், அங்கே காருக்குள் இருந்தபடியே ஒரு கும்பிடு. பிறகு ஹார்விபட்டி, திருநகர் என்று பஞ்சாலைத் தொழிலாளர்களால் வளர்ந்த ஊர்கள். சுமார் 15 கிலோமீட்டர் கடந்ததும் கப்பலூர்.

கப்பலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. கருமுத்து தியாகராசச் செட்டியார் நிறுவிய தியாகராஜர் மில் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதில் ஒரு சுங்கச்சாவடி. அங்கே வண்டி நிற்கும் நேரத்தில் குழந்தைகள் பிஸ்கட் கேட்கும். மற்றபடி பொட்டல், கரிசல், கருவேல மரம், தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை. பெயர்தான் கப்பலூரே தவிர, கடலுக்கும் இந்த ஊருக்கும் வெகு தூரம்.

ஆனால் பங்குனி பிறந்து ஆவணி முடிகிற வரையில், இந்தச் சாலையின் இரண்டு பக்கத்துச் சமவெளியிலும் பகலில் தெரியாத ஒரு சங்கதி ராத்திரியில் தெரியும். இருட்டுக்கு நடுவே குழல் விளக்கு வரிசை, மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி, அதில் ஓர் ஆர்மோனியத்தின் குரல். வண்டியை நிறுத்திச் சற்றுக் காது கொடுத்தால், ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பை உண்டாக்குகிறவர்களைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன். நான் அவர்களுடைய ரஸிகை. ஆகையால் கொஞ்சம் பட்சபாதமாகத்தான் பேசுவேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கல்யாணங்கள்

முருகனுக்கு இரண்டு கல்யாணம் என்பது ஊரறிந்த விஷயம். முதல் கல்யாணம் தெய்வயானையோடு, இதே சாலையிலுள்ள திருப்பரங்குன்றத்தில். பெண்ணின் தகப்பனார் தேவேந்திரன். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். பங்குனித் திருவிழாவில் இன்றும் அங்கே திருக்கல்யாணம் நடக்கிறது. மதுரையிலிருந்து மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் கல்யாணத்துக்கு எழுந்தருளுகிறார்கள். எல்லாம் முறைப்படி, முகூர்த்தப்படி.

இரண்டாவது கல்யாணம் அப்படியல்ல. மாப்பிள்ளையே பெண் தேடிப் போகிறார். தினைப்புனத்தில் கவண் கல் வீசிக் கிளி ஓட்டிக்கொண்டிருக்கும் குறப்பெண்ணிடம் வேடனாக வந்து வம்பளக்கிறார். அது பலிக்காமல் போகவே, கிழவனாகத் தள்ளாடிக்கொண்டு வருகிறார். அதுவும் சரிவராமல், அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தியல்லவா பெண்ணைச் சம்மதிக்க வைக்கிறார்! இப்படிப்பட்ட கல்யாணத்தை நடத்தக் கோயில் மண்டபம் போதாது. திறந்த திடல் வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் வேண்டும். சிரிக்கத் தெரிந்த ஜனங்கள் வேண்டும். விடிய விடிய ஒரு ராத்திரி வேண்டும். அதனால்தான் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், காரியாபட்டி என்று மதுரையைச் சுற்றிய கிராமங்களிலே, அம்மன் கோயில் திருவிழா என்றால் "வள்ளி திருமணம்" நாடகம் என்று ஆகியிருக்கிறது.

இந்த நாடகத்தைப் பக்தி நாடகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் பாதி ராத்திரிக்குமேல் இது சிரிப்பு நாடகம். பாட்டும் சிரிப்புமாகப் போகிற இசை நாடகம். அந்தச் சிரிப்பை முன்னால் நின்று நடத்துகிறவர்கள் இரண்டு பேர்: பபூன் என்ற ஆணும், டான்ஸ் என்ற பெண்ணும்.

சுவரொட்டியில் ஒரு குடும்பம்

இந்தச் சாலையில் போகும்போது டீக்கடைச் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். மஞ்சளும் ரோஸுமாக ஒரு நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு வேலை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். இந்தக் கடைசி ஆசாமி யாரென்று கேட்கிறீர்களா? தாளம், மணி, டோலக், இடி முழக்கம், பபூன் கீழே விழும்போது "டமார்" என்கிற சத்தம், இத்தனையையும் ஒருவரே கவனித்துக்கொள்கிறவர். அவருக்கு "ஆல்ரவுண்ட்" என்று பெயர் வைத்தவர் நல்ல ரஸிகராகத்தான் இருக்க வேண்டும்.

நோட்டீஸில் ஊர்ப் பெயர்களைப் படித்தால் ஒன்று புரியும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் திண்டுக்கல். இவர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, அந்த ஒரு ராத்திரிக்கென்று விசேஷமாக அழைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதற்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். ஒத்திகை என்பதே கிடையாது! சில சமயம் கதாநாயகனும் கதாநாயகியும் அன்று ராத்திரி ஒப்பனைக் கொட்டகையில்தான் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மறுநாள் விடியற்காலையில் முருகனும் வள்ளியுமாக மாலை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள்.

நம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால், ஒரு வாரமாக ஒத்திகை பார்க்கிறோம். இவர்கள் எட்டு மணி நேர நாடகத்தை ஒத்திகை இல்லாமல் நடத்துகிறார்கள். எப்படி முடிகிறது?

அதற்குக் காரணமானவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதி வைத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பையன்கள் கம்பெனியைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெயர் பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில்தான் நாடகப் பாடம் படித்தார்கள். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். ஆனால் அவர் எழுதிய பாட்டும் தர்க்கமும் நடிகர்களுக்கெல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டன. புதுக்கோட்டையில் மனப்பாடம் செய்தவரும் மதுரையில் மனப்பாடம் செய்தவரும் கப்பலூர்ப் பக்கத்துத் திடலில் சந்தித்தால், ஒரு பாட்டை இவர் எடுக்க, அடுத்ததை அவர் தொடுக்க முடிகிறது.

சுவாமிகள் மறைந்த மறு வருஷம், 1923-இல், மதுரையில் நாடக நடிகர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்றும் சுண்ணாம்புக்காரத் தெருவில் அது இருக்கிறது. வருஷந்தோறும் சுவாமிகளுக்குக் குருபூஜை நடத்துகிறார்கள். தமுக்கம் மைதானத்தருகே சுவாமிகளின் சிலையையும் நீங்கள் பார்க்கலாம்.

புஸ்தகத்தில் இல்லாத பார்ட்

இவ்வளவும் ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பொருந்தும். பபூனுக்கு? அவருக்குச் சுவாமிகளின் புஸ்தகம் அவ்வளவாக உதவாது. அவர் பேசுவது அன்றைய ராத்திரிக்கு, அந்த ஊருக்கு, அவரே சமைத்த சமையல்.

மணி பத்து இருக்கும். ஜனங்கள் பாயும் ஜமுக்காளமும் கொண்டுவந்து தரையில் இடம் பிடித்திருப்பார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், மேடைக்கு எதிரே முன் வரிசையில் குழந்தைகள். ஆர்மோனியக்காரர் இரண்டு பாட்டுப் பாடி முடித்திருப்பார். கூட்டம் இன்னும் அடங்கியிருக்காது. யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். ஒரு குழந்தை அழும். வேர்க்கடலைக்காரர் நடுவில் புகுந்து போவார். இந்தச் சந்தைக்கடையைச் சபையாக மாற்ற வேண்டிய வேலை பபூனுடையது.

பளபளவென்று சட்டை, முகத்தில் ரோஸ் பவுடர், கையில் ஒலிவாங்கி. முதலில் கும்பிடு. தாய்மார்களுக்கு ஒரு கும்பிடு, பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு, விழாக் கமிட்டிக்கு ஒரு கும்பிடு. பிறகு மெல்ல ஊருக்குள் நுழைவார். கப்பலூர்ப் பக்கம் வந்தால் இந்த மாதிரி ஆரம்பிக்கலாம்:

"கப்பலூர்னு சொன்னாங்க தாயி. துடுப்பெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா கப்பலையும் காணோம், தண்ணியையும் காணோம். ஆனா ஒண்ணு, துறைமுகத்திலே வாங்குற மாதிரி ரோட்டுலே நிறுத்திக் காசு மட்டும் கரெக்டா வாங்கிப்புட்டாங்க!"

அவ்வளவுதான், திடல் அதிரும். அழுத குழந்தையும் வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்க்கும். இந்தச் சிரிப்பு சாமானியச் சிரிப்பல்ல. பக்கத்து ஊரிலிருந்து வந்தவர், உள்ளூர்க்காரர், நேற்றுச் சண்டை போட்ட பங்காளிகள், மில்லில் பகல் ஷிப்ட் முடித்து வந்தவர், எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து சிரித்த பிறகுதான் அவர்கள் ஒரு சபையாகிறார்கள். பின்னால் வருகிற வள்ளி அந்தச் சபையின் முன்புதான் பாட முடியும்.

இது பழைய தொழில். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலை. சமஸ்கிருத நாடகத்தில் விதூஷகன் செய்த வேலை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியிலும் நாடகக்காரர்கள் இப்படித்தான், முழு வசனம் இல்லாமல், கதைக் குறிப்பையும் தங்கள் வேஷத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சந்தை மேடைகளில் சிரிக்க வைத்தார்கள். பபூன் என்ற பெயர்தான் இங்கிலீஷில் வந்தது, ஆள் நம்மவர்.

மோதிக்கொண்ட இருவர்

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். டான்ஸ் வருகிறாள்.

"டான்ஸ்" என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆடுவது அவள் வேலையில் பாதிதான். மீதிப் பாதி பேச்சு. பாட்டுப் பாடி ஒரு சுற்று ஆடிவிட்டு அவள் திரும்புகிறாள். எதிரே பாராக்குப் பார்த்துக்கொண்டு பபூன் வருகிறார். இரண்டு பேரும் மோதிக்கொள்கிறார்கள். ஆல்ரவுண்ட் "டமார்" என்கிறார். தர்க்கம் ஆரம்பம். சுமாராக இப்படி இருக்கும்:

"ஏம்மா, ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு முற்றமா?"

"எங்க அப்பன் வீட்டு முற்றமா இருந்தா, உன்னை வாசல்லேயே நிறுத்தியிருப்பாரேய்யா!"

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. உனக்காவது தெரியுமா? இல்லே, வழி தவறி வந்துட்டியா?"

பபூன் தோற்றுப்போன முகத்தோடு பெண்கள் பக்கம் திரும்பி, "தாய்மாரே, நீங்களே நியாயம் சொல்லுங்க" என்பார். பெண்கள் பக்கமிருந்து ஒரு பாட்டி எழுந்து, "அவ சொல்றதுதான்யா சரி!" என்று தீர்ப்புச் சொல்லுவாள். திடலே கை தட்டும்.

பிறகு பாட்டுப் போட்டி. அவர் சினிமா மெட்டில் ஒன்று எடுத்தால், அவள் சிந்து மெட்டில் பதில் கொடுப்பாள். அவர் சுருதியை ஏற்றினால், அவளும் ஏற்றுவாள். ஆர்மோனியக்காரர் நடுவர் மாதிரி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டைகளில் விரலை ஓட்டுவார். இந்த இருவருக்கும் முன்கூட்டி ஒரு வரி கூட எழுதிக் கொடுத்தவர் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் எங்கே நிறுத்துவார், எங்கே கிண்டல் செய்வார் என்பதை அவருடைய கண்ணைப் பார்த்தே அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அரை விநாடி தாமதித்தால் சிரிப்புச் செத்துப் போகும். அடுப்பில் தாளிக்கும்போது கடுகு வெடித்த உடனே கறிவேப்பிலையைப் போட வேண்டும் அல்லவா? அந்தப் பக்குவந்தான்.

இந்தப் பபூன்–டான்ஸ் ஜோடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய சினிமா ஜோடிகள் நினைவுக்கு வருவார்கள். என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து மேடையில் தேர்ந்தவர். அவரும் டி. ஏ. மதுரமும் பேசிக்கொண்டதில் பெரும்பாலும் மதுரத்துக்குத்தான் வெற்றி. காளி என். ரத்தினம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். 1941-இல் வந்த "சபாபதி" படத்தில் அவரும் சி. டி. ராஜகாந்தமும் வருகிற இடங்களை இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். திரையில் பிரபலமான அந்த வித்தையின் வேர் நாடக மேடையில் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: படத்தில் தப்பினால் இன்னொரு தடவை எடுக்கலாம். திடலில் தப்பினால் தப்பினதுதான்.

கிழவரின் விக்கல்

நடுநிசி ஆகும்போது நாடகம் கதைக்குள் போகும். நாரதர் வருவார். சாது வேஷத்தில் வருகிற இந்தக் கலகக்காரருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் ஒன்று போதும், கொடுத்த காசு செல்லும். அவர் சாஸ்திரம் பேசுவார்; அவள் தினைப்புனத்து நியாயம் பேசுவாள். அவர் சொல்லுக்குப் பொருள் கேட்பார். அவள் பொருள் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒன்று கேட்பாள். இதற்கு நல்ல சாரீரம் மட்டும் போதாது. தமிழும் வேண்டும், புத்தியும் வேண்டும். படிக்காத பெண் என்று நாம் நினைக்கிற ஒருத்தி அங்கே நின்று முனிவரை மடக்குவதைப் பார்க்கும்போது, பெண்கள் பக்கத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் வேடன்; அதற்கும் அப்புறம் கிழவர். தொண்டை கிழிய ராஜகம்பீரமாகப் பாடிய அதே ராஜபார்ட், நரைத்த தாடியும் கோலுமாகத் தள்ளாடிக்கொண்டு வருகிறார். பசிக்கிறது என்கிறார். வள்ளி இரக்கப்பட்டுத் தினைமாவும் தேனும் கொடுக்கிறாள். தின்றதும் விக்கல்! தண்ணீருக்குச் சுனையைக் காட்டுகிறாள். தாகம் தீர்ந்ததும், "எல்லாம் ஆச்சு, இனி ஒரு கல்யாணந்தான் பாக்கி" என்று தாடியைத் தடவுகிறார் கிழவர். தூங்கி விழுந்துகொண்டிருந்த குழந்தைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புவது இந்தக் கட்டத்துக்குத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஒரு கிழவரின் விக்கலுக்காக ஓர் ஊரே விழித்திருக்கிறது. பக்தியும் சிரிப்பும் ஒரே ஆளின் தொண்டையில் குடியிருப்பதை அங்கேதான் பார்க்கலாம்.

இந்த முருகனுக்கும் வள்ளிக்கும் பெரிய பரம்பரை உண்டு. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் இலங்கையில் சேர்ந்து மேடையேறி, பிறகு 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். கிட்டப்பா 1933-இல், முப்பது வயது கூட ஆகாமல், மறைந்துபோனார். அவரைப் போலவே உச்சஸ்தாயியில் பாடுகிறவர் என்று பெயரெடுத்த டி. ஆர். மகாலிங்கம், சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். நம் மதுரைச் சீமைப் பிள்ளை. 1945-இல் வந்த "ஸ்ரீவள்ளி" படத்தில் அவர்தான் முருகன். இன்றைக்கும் கிராமத்து ராஜபார்ட் ஒருவர் காதில் கை வைத்துக்கொண்டு மேல் சுருதியை எட்டிப் பிடிக்கும்போது, அந்தப் பழைய சாரீரங்களைத்தான் துரத்திக்கொண்டு போகிறார்.

விடிந்த பிறகு

இதுவரை வேடிக்கை பேசினேன். இனி ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பபூனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறோம். விடிந்ததும் டீக்கடையில் அவருக்கு மரியாதை கிடைக்கிறது. "அண்ணே, நேத்து பிரமாதம்" என்கிறார்கள். டான்ஸ் ஆடிய பெண்ணுக்கு? அவளுக்கும் அவர் அளவு திறமை உண்டு. சில ராத்திரிகளில் அவரைவிட அதிகம். ஆனால் விடிந்ததும் அவளைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு வேறு. அந்நிய ஆண்பிள்ளையோடு மேடையில் மோதினாளே, பதிலுக்குப் பதில் பேசினாளே, ராத்திரியில் ஊர் ஊராகப் போகிறாளே என்று ஒரு முணுமுணுப்பு.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், மதுரையில் தங்கி இந்த நாடகக் கலைஞர்களோடு பழகி, 2005-இல் இவர்களைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். இந்த நடிகைகள் நாடகத்துக்குப் போய் வரும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்பதை அவர் விவரமாக எழுதியிருக்கிறார். மேடையில் அத்தனை துடுக்காகப் பேசுகிறவர்கள், சாலையில் அடக்க ஒடுக்கமான குடும்பப் பெண்களாகவே நடந்துகொள்கிறார்கள். கூடுமானவரை ஊரார் கண்ணில் படாமல் போய், படாமல் வருகிறார்கள். மேடையில் எட்டு மணி நேரம் ஒரு வேஷம் என்றால், பஸ் நிலையத்தில் "நான் நடிகையல்ல" என்று இன்னொரு வேஷம்! இரண்டாவது வேஷத்துக்குக் கைதட்டலும் இல்லை, கூலியும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கும். மாமியார் இருப்பார். வாடகை இருக்கும். ராத்திரி பத்து மணிக்குச் சிரித்த முகத்தோடு மேடையேறுவதற்கு முன்னால், குழந்தைக்கு ஜுரம் விட்டதா என்று அவள் போனில் விசாரித்திருப்பாள். நம்மில் எத்தனையோ பேர் இப்போது ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் ராத்திரி வேலை பார்க்கிறோம். அதை யாரும் குறை சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. இவளுடையதும் ராத்திரி வேலைதானே!

மேடையில் பாடிய பெண்களை இந்தத் தமிழ்நாடு கௌரவிக்கத் தெரியாததும் அல்ல. நாடக மேடையில் வளர்ந்த சுந்தராம்பாள் பின்னாளில் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். வள்ளியாக நின்று தர்க்கம் செய்தவருக்குச் சட்ட சபையில் இடம் கொடுத்தோம். அவருடைய தங்கைகளுக்குத் திருவிழாத் திடலில் ஒரு நாற்காலி கொடுக்கத் தயங்குகிறோம்.

கஷ்டம் இதோடு நிற்கவில்லை. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா நாட்களுக்கென்று அரசு தளர்த்தினாலும் நடுநிசி வரைதான் சலுகை. நோயாளிகளுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற குழந்தைகளுக்கும் அந்த விதி அவசியந்தான். ஆனால் பத்து மணிக்கு ஆரம்பிக்கிற ஒரு கலைக்கு அது இடைஞ்சல் இல்லாமல் போகுமா? காவல் நிலையத்து அனுமதிக்காக விழாக் கமிட்டியார் அலைய வேண்டியிருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது, பங்குனியிலிருந்து திருவிழாக்களே நின்றுபோயின. வருஷத்தில் ஆறு மாதம் சம்பாதித்து மீதி ஆறு மாதத்தை ஓட்டுகிற இவர்களுக்கு அந்த வருஷம் வருமானமே இல்லாத வருஷமாயிற்று.

இன்னொரு போட்டியும் உண்டு. சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற ஆடல் பாடல் நிகழ்ச்சியைச் சில ஊர்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். அதில் பேச்சு இல்லை, ஆட்டந்தான். அந்தப் போட்டியில் நாடகத்து டான்ஸும் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கூட்ட வேண்டியதாகிறது. பெண்ணின் வாய் மூடிப்போய் உடல் மட்டும் மிஞ்சினால், நஷ்டம் அவளுக்கு மட்டுமல்ல. "அவ சொல்றதுதான்யா சரி" என்று தீர்ப்புச் சொன்ன பாட்டிக்கும் நஷ்டம்.

நீங்கள் போவதானால்

ஒரு தடவை போய்ப் பாருங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரைப் பக்கம் வருகிறவர்கள், சொந்தக்காரர்களிடம் "எந்த ஊரில் நாடகம்?" என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. பாய் ஒன்று, பிளாஸ்கில் காப்பி, விடியற்காலைக் குளிருக்கு ஒரு சால்வை, குழந்தைகள் இருந்தால் ஒரு தலையணை. பெண்கள் பக்கத்தில் இடம் கேட்டால், முன்பின் தெரியாத அம்மாள் கூட நகர்ந்து உட்கார்ந்து, "எந்த ஊரு தாயி?" என்று விசாரித்து, வறுத்த கடலையில் பங்கும் கொடுப்பாள். கதை தெரியாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள், சில சமயம் நடிகர் சொல்வதற்கு முன்னாலேயே.

சீக்கிரம் போங்கள். "கதை ஆரம்பிக்கப் பன்னிரண்டு மணி ஆகும், அப்போது போனால் போதும்" என்று சில பெரியவர்கள் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். பன்னிரண்டு மணிக்குப் போனால் வள்ளியைப் பார்க்கலாம். வள்ளிக்குச் சபையைக் கூட்டிக் கொடுத்தவர்களைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

கலைஞர்களுக்கு அன்பளிப்புக் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுங்கள். ஆனால் டான்ஸுக்குக் கொடுப்பதை, கணவர் கையிலோ மகன் கையிலோ கொடுத்து மேடைக்கு அனுப்பாமல், நீங்களே கொண்டுபோய் அவள் கையில் கொடுங்கள். ஒரு பெண் கையிலிருந்து வருகிற பத்து ரூபாய்க்கு அந்த மேடையில் தனி மதிப்பு உண்டு. கொடுத்தவர் பெயரைப் பபூன் ஒலிபெருக்கியில் வாசிப்பார், ஊரே கேட்கும்.

கடைசியாக ஒன்று. புறப்படுவதற்கு முன்னால் டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். "டான்ஸ்" என்று போட்டிருக்கும் படத்துக்குக் கீழே ஒரு பெயர் இருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வள்ளி கழுத்தில் மாலை விழுந்து, மங்களம் பாடி, ஜனங்கள் பாயைச் சுருட்டும்போது, முகப்பூச்சைக் கலைத்துவிட்டு, சாதாரணப் புடவையில், கையில் பையோடு ஒரு பெண் திடலின் ஓரமாக நடந்து போவாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.